ஆன்டிவைரஸ்: விலை எடுக்கும் முடிவு, வயது எடுக்கும் முடிவு

2014 மார்ச் மாதக் கடைசியில் கூகுள் பிளே ஸ்டோரில் 'வைரஸ் ஷீல்டு' என்றொரு செயலி விற்பனைக்கு வந்தது. விலை 3.99 டாலர். சில நாட்களுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காசு கொடுத்து அதை இறக்கிக்கொண்டார்கள். ஐந்து நட்சத்திரத்துக்கு 4.7 என்ற மதிப்பீடும் கிடைத்தது. பணம் கட்டி வாங்கும் புதிய செயலிகளின் வரிசையில் அது முதலிடத்துக்கே போனது. ஏப்ரல் முதல் வாரத்தில் 'ஆண்ட்ராய்டு போலீஸ்' என்ற தொழில்நுட்பச் செய்தித்தளம் அதன் நிரலைப் பிரித்துப் பார்த்தது. வைரஸைத் தேடும் வேலை எதுவும் உள்ளே இல்லை. திரையை ஒருமுறை தொட்டால் பெருக்கல் குறி போட்ட கேடயம் மறைந்து 'டிக்' போட்ட கேடயம் வரும்; அந்தச் செயலி செய்தது அவ்வளவுதான். கூகுள் அதை நீக்கிவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. வாங்கியவர்களை விவரமில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அது நியாயமல்ல. ஆன்டிவைரஸ் மென்பொருளை ஒரு சாதாரண மனிதர் எதையெல்லாம் வைத்து எடைபோட முடியுமோ, அதையெல்லாம் வைத்துத்தான் அவர்களும் எடைபோட்டார்கள்: பெயர், விலை, மற்றவர்கள் போட்ட நட்சத்திரம், தைரியம் கொடுக்கும் ஒரு படம்.

பொருளாதாரத்தில் இப்படிப்பட்ட பொருட்களுக்குத் தனி வகையே உண்டு. மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு அறிஞர்கள் 1973இல் இதைப் பற்றி எழுதினார்கள். அரிசியை வாங்கும் முன்பே கையில் எடுத்துப் பார்க்கலாம். ஹோட்டல் சாப்பாட்டைச் சாப்பிட்ட பிறகாவது நல்லதா இல்லையா என்று தெரிந்துவிடும். மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது: வாங்கிப் பயன்படுத்திய பிறகும் அதன் தரம் நமக்குத் தெரியாது. ஆன்டிவைரஸ் இந்த மூன்றாவது வகை. ஒரு வருடம் முழுக்கக் கணினிக்கு எதுவும் ஆகவில்லை என்றால், மென்பொருள் காப்பாற்றியதா, ஆபத்தே வரவில்லையா, அல்லது வந்தது தெரியாமலேயே உள்ளே உட்கார்ந்திருக்கிறதா? வீட்டில் கணினி வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல வழியில்லை. தரம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மனிதர்கள் வேறு அளவுகோல்களைத் தேடுகிறார்கள். அதில் முதலாவது விலை. இரண்டாவது, தாங்கள் கணினி பழகிய காலத்தில் படிந்த பழக்கம். இந்தப் பழக்கத்தைத்தான் வெளியிலிருந்து பார்க்கும்போது வயது என்கிறோம். இரண்டுமே வாங்கும் முடிவை எடுக்கின்றன. இரண்டுமே நமக்கு வரப்போகும் ஆபத்து எது என்பதைச் சொல்வதில்லை. சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

விலையை முதலில் பார்ப்போம். பத்து ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் வேறு. ஒரு ரூபாய்க்கும் இலவசத்துக்கும் உள்ள வித்தியாசம் வேறு. 2007இல் 'மார்க்கெட்டிங் சயன்ஸ்' ஆய்விதழில் வந்த ஒரு சோதனை இதைக் காட்டியது. உயர்ரக சாக்லேட் 15 சென்ட், சாதாரண சாக்லேட் 1 சென்ட் என்று வைத்தபோது பலர் உயர்ரகத்தை எடுத்தார்கள். இரண்டிலும் ஒரே ஒரு சென்ட் குறைத்து, சாதாரண சாக்லேட்டை இலவசமாக்கியதும் கூட்டம் அதன் பக்கம் சாய்ந்தது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மாறவே இல்லை. மாறியது பூஜ்யம் மட்டும்தான். ஆன்டிவைரஸ் சந்தையில் இந்தப் பூஜ்யத்தின் வலிமையை நன்றாகப் புரிந்துகொண்டவை ஐரோப்பிய நிறுவனங்கள். இன்றைய செக் நாட்டில் 1988இல் தொடங்கிய அவாஸ்ட், 2001 முதல் வீட்டுப் பயனர்களுக்கு மென்பொருளை இலவசமாகவே கொடுத்தது. அதே நாட்டின் ஏவிஜி, ஜெர்மனியின் அவிரா ஆகியவையும் இந்த வழியிலேயே போய்க் கோடிக்கணக்கான கணினிகளுக்குள் நுழைந்தன. பிறகு மைக்ரோசாஃப்ட் 2009இல் தன் இலவச மென்பொருளை வெளியிட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற பெயரில் அதை இயங்குதளத்தோடேயே சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. தேடிப் போய் இறக்க வேண்டிய அவசியம்கூட அதோடு போய்விட்டது.

'இலவசம் என்றால் நாம்தான் சரக்கு' என்று ஒரு எதிர்வாதம் உடனே வரும். அதற்கு ஆதாரம் இருக்கிறது, அதுவும் வலுவான ஆதாரம். அவாஸ்ட் தன் பயனர்கள் இணையத்தில் எங்கெல்லாம் போகிறார்கள் என்ற விவரத்தைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றுவந்தது. 2020 ஜனவரியில் பத்திரிகைகள் இதை வெளிக்கொண்டு வந்ததும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2024 பிப்ரவரியில் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னதுடன், இப்படிப்பட்ட விவரங்களை விளம்பரத்துக்காக விற்கவும் தடை போட்டது. வேவு பார்ப்பவர்களைத் தடுக்கிறேன் என்று வீட்டுக்குள் வந்தவர் செய்த வேலை இது. எந்த வகையிலும் மன்னிக்கக் கூடியதல்ல. ஆனால் இதிலிருந்து 'காசு கொடுத்தால் மரியாதையாக நடத்துவார்கள்' என்ற முடிவுக்குப் போக முடியாது. பணம் வாங்கிக்கொண்டு விற்கப்பட்ட நார்ட்டன் 360 மென்பொருளில் 2021இல் கிரிப்டோ நாணயம் தோண்டும் வசதி ஒன்று சேர்க்கப்பட்டது. கிடைப்பதில் 15 சதவீதத்தை நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்ற ஏற்பாட்டோடு. வாங்கியவர்கள் யாரும் கேட்காத வசதி அது. எனவே இலவசமா, விலையா என்பதைவிட, அந்த நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதே பயன்தரும் கேள்வி. டிஃபெண்டருக்கான செலவு நாம் விண்டோஸுக்குக் கொடுத்த விலையிலேயே அடங்கியிருக்கிறது. தனியாக இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுக்கோ அந்தப் பணம் வேறெங்கிருந்தாவது வந்தாக வேண்டும். போட்டி நிறுவனங்கள் என்று நாம் நினைக்கும் நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருக்கின்றன என்பதையும் வாங்குபவர் தெரிந்துகொள்வது நல்லது.

இனி வயது. அமெரிக்காவில் எடுக்கப்படும் கருத்தாய்வுகளில், பணம் கட்டி ஆன்டிவைரஸ் வாங்குவோரில் மூத்தவர்களின் பங்கு அதிகம் என்பது தெரிகிறது. இளையவர்கள் கணினியில் ஏற்கெனவே இருப்பதே போதும் என்று இருந்துவிடுகிறார்கள், அல்லது அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. வயதானவர்களுக்குப் பயம் அதிகம், இளைஞர்களுக்கு அலட்சியம் அதிகம் என்று இதற்கு விளக்கம் சொல்வது வழக்கம். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. ஒருவர் பிறந்த ஆண்டைவிட, கணினியை முதன்முதலில் தொட்ட ஆண்டுதான் இங்கே பேசுகிறது. விண்டோஸ் 98 காலத்தில் பழகியவர்களுக்கு வைரஸ் என்பது கண்ணால் கண்ட சேதம். சிஐஎச் என்ற வைரஸ் 1999 ஏப்ரல் 26 அன்று கணினியின் வன்வட்டை அழித்ததோடு நிற்காமல், கணினியைத் துவக்கும் பயாஸ் சிப்பையும் கெடுத்தது. மறுவருடம் மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' மின்னஞ்சல் உலகத்தையே சுற்றி வந்தது. பிறகு பிரவுசிங் சென்டரில் செருகிய பென் டிரைவ் வீட்டுக்கு வந்தால் கூடவே வைரஸும் வரும் என்ற காலம். விண்டோஸ் எக்ஸ்பியில் ஆன்டிவைரஸ் என்று எதுவும் உள்ளேயே கிடையாது. காசு கொடுத்து வாங்கியாக வேண்டும், இல்லையென்றால் பழுதுபார்ப்பவருக்குக் காசு கொடுக்க வேண்டும்.

அந்தத் தேவையிலிருந்துதான் இந்தியாவில் இந்தத் தொழில் வளர்ந்தது. சென்னையில் 1991இல் ஜே. கேசவர்த்தனன் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங், புனேயில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த கைலாஷ் கட்கர் தன் தம்பி சஞ்சயுடன் சேர்ந்து உருவாக்கிய குயிக் ஹீல் ஆகிய இரண்டும் வெளிநாட்டு மென்பொருளின் டாலர் விலை கட்டுப்படியாகாத வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் சில நூறு ரூபாயில் பாதுகாப்பைக் கொண்டுபோயின. சென்னை ரிச்சி தெருவில் கணினியை அசெம்பிள் செய்து வாங்கும்போது, கடைக்காரர் மேசைமேல் வைக்கும் ஆன்டிவைரஸ் பெட்டியையும் சேர்த்து வாங்கி, ஆக்டிவேஷன் கீ போட்டுக்கொண்டு வருவது அன்றைய ஒழுங்கு. அந்த ஒழுங்கில் பழகியவர் இன்றும் வருடா வருடம் சந்தா கட்டுகிறார் என்றால், அது அறியாமை அல்ல. ஒரு காலத்தில் சரியாக இருந்த முடிவு, சூழ்நிலை மாறிய பிறகும் தொடர்கிறது. போனிலேயே இணையத்தைப் பழகிய பேரனுக்கோ ஒரு கோப்பு அழிந்த அனுபவம்கூட இருக்காது. அவனுக்குக் கவலை இல்லாததும் அறிவு அதிகமானதால் அல்ல. தாத்தாவும் பேரனும் தத்தம் காலத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இன்றைய ஆபத்து இருவரின் காலத்தையும் தாண்டி வந்துவிட்டது.

வலுவான மறுப்பு ஒன்று இங்கே எழும். மூத்தவர்கள்தான் இணைய மோசடியில் பெரும்பணத்தை இழக்கிறார்கள். அப்படியிருக்க, அவர்கள் கூடுதல் காசு கொடுத்துக் கூடுதல் பாதுகாப்பு வாங்குவதில் என்ன தவறு? இழப்பு உண்மைதான். அமெரிக்காவின் எஃப்பிஐ 2024ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கில், 60 வயதைக் கடந்தவர்கள் இழந்ததாகப் புகார் செய்த தொகை மட்டும் சுமார் 480 கோடி டாலர். ஆனால் அந்தப் பணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். முதலீட்டு ஆசை, பொய்க் காதல், 'உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, நாங்கள் சரிசெய்கிறோம்' என்று வரும் போன் அழைப்பு ஆகியவையே முக்கிய வழிகள். அழைப்பவர் சொல்படி, கணினியைத் தூரத்திலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற, முற்றிலும் சட்டபூர்வமான மென்பொருளைக் கணினியின் சொந்தக்காரரே நிறுவுகிறார். ஓடிபியையும் அவரே சொல்கிறார். ஆன்டிவைரஸ் பார்வையில் அங்கே தப்பாக எதுவும் நடக்கவில்லை. அதைவிட மோசம், ஆன்டிவைரஸ் பயமே மோசடிக்கு மூலதனமாகிவிட்டது. 'உங்கள் ஆன்டிவைரஸ் சந்தா புதுப்பிக்கப்பட்டுவிட்டது, சில நூறு டாலர் எடுக்கப்படும், வேண்டாமென்றால் இந்த எண்ணை அழையுங்கள்' என்று போலி ரசீது அனுப்புவது அங்கே பரவலான தந்திரம். பணம் கட்டும் பழக்கம் உள்ளவருக்குத்தான் அந்த ரசீது உண்மைபோலத் தெரியும். இப்படி ஏமாற்றும் கால் சென்டர்கள் நம் நாட்டிலும் நடக்கின்றன. அமேசான், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் கொடுத்த புகார்களின் பேரில் 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2' என்று பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. ஏமாறுவது முதுமையின் குணம் என்று நினைப்பதும் தவறு. அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு வரும் புகார்களில், மோசடியில் பணத்தை இழந்தேன் என்று சொல்பவர்களின் விகிதம் இருபது வயதுக்காரர்களிடம் அதிகம்; ஒவ்வொருவரும் இழக்கும் தொகை மூத்தவர்களிடம் அதிகம், ஏனென்றால் சேமிப்பு அவர்களிடம்தான் இருக்கிறது.

பயத்தை விற்பதில் தெரு மோசடிக்காரர்கள் மட்டுமல்ல, பெயர்பெற்ற கடைகளும் பிடிபட்டிருக்கின்றன. அமெரிக்காவின் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் முன்பு 'இலவசப் பரிசோதனை' என்று ஒரு மென்பொருளை ஓட்டுவார்கள். அதற்கு முன் வாடிக்கையாளரிடம் நான்கு கேள்விகள்: கணினி மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா என்பதுபோல. ஒன்றுக்காவது 'ஆம்' என்று குறித்துவிட்டால், கணினியில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், தீங்கு மென்பொருள் அறிகுறி தெரிகிறது என்று முடிவு வரும். பிறகு பழுதுநீக்கும் சேவையை விற்பார்கள். 2019இல் அந்தக் கடையும் அதற்கு மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட வேண்டியதாயிற்று. சந்தாவைத் தானாகப் புதுப்பிக்கும் முறையும் பல ஆண்டுப் புகார். முதல் வருடம் பெரிய தள்ளுபடி, இரண்டாம் வருடம் சத்தமில்லாமல் முழு விலை என்பதே அதன் அமைப்பு. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2009இலேயே, அப்போது நார்ட்டனை விற்றுவந்த சைமன்டெக்கிடமும் மெக்காஃபி நிறுவனத்திடமும் ஆளுக்கு 3,75,000 டாலர் வசூலித்தார். பிரிட்டனின் போட்டி ஆணையத்தின் விசாரணைக்குப் பிறகு 2021இல் நார்ட்டன், மெக்காஃபி சந்தாதாரர்களுக்கும் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை விரிவாக்கப்பட்டது. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதி ஓரளவு காக்கிறது: அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்பியாக வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடக் கூடாது.

சரி, தரத்தைச் சோதிக்கவே முடியாது என்று நான் சொன்னது மிகை அல்லவா, அதற்கென்றே சோதனைக்கூடங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்று இரண்டு நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கின்றன. முடிவுகளை யாரும் பார்க்கலாம், பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால் தெரிவது இதுதான்: ஏவி-டெஸ்ட் மூன்று பிரிவுகளில் ஆறாறு புள்ளிகள் வீதம் மொத்தம் 18 கொடுக்கிறது, கட்டணம் வாங்கும் முன்னணி மென்பொருட்களுக்கு அருகிலேயே, பல சமயம் சமமாகவே, டிஃபெண்டரும் நிற்கிறது. ஆரம்ப வருடங்களில் அது பின்தங்கியிருந்தது உண்மை. அந்தக் கெட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்காகக் காசு கொடுத்து வாங்குவது எல்லோருக்கும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். இணைய இணைப்பு இல்லாதபோது டிஃபெண்டரின் கண்டுபிடிக்கும் திறன் குறைகிறது என்று ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நாள் முழுக்க ஊரார் பென் டிரைவைச் செருகும் ஜெராக்ஸ் கடைக்கு, இணையமில்லாமல் ஓடும் கணினியில் டேலி கணக்கு வைத்திருக்கும் சிறு வியாபாரிக்கு, கணினியில் சிக்கல் வந்தால் தமிழில் பேசி உதவி கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பவருக்கு அந்தச் சில நூறு ரூபாய் நியாயமான செலவு. அங்கே முடிவெடுப்பது வேலையின் தன்மை. வயதோ விலையோ அல்ல.

வீட்டுப் பயனருக்கு வேறு கணக்கு. கூகுள் ஆய்வாளர்கள் 2015இல் பாதுகாப்பு நிபுணர்களிடமும் சாதாரணப் பயனர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: பாதுகாப்பாக இருக்க நீங்கள் செய்யும் முக்கியமான மூன்று காரியங்கள் எவை? ஆன்டிவைரஸ் என்று சொன்னவர்கள் சாதாரணப் பயனர்களில் 42 சதவீதம், நிபுணர்களில் வெறும் 7 சதவீதம். மென்பொருளை உடனுக்குடன் அப்டேட் செய்வேன் என்று நிபுணர்களில் 35 சதவீதம் பேர் சொன்னார்கள். மற்றவர்களில் 2 சதவீதம். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை 2017 மே மாதம் வானாக்ரை காட்டியது. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட அந்தத் தாக்குதல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. பெரும்பாலும் இரண்டு மாதம் போடாமல் விட்டவர்கள்தான் சிக்கினார்கள். இப்போது அதே நிலைமை வேறு உருவில் வந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். பழைய கணினிக்கு அந்த அப்டேட் வர வழிசெய்யாமல் புதிய ஆன்டிவைரஸ் சந்தா கட்டுவது, இடிந்த மதிலை விட்டுவிட்டுக் கதவுக்கு இரண்டாவது பூட்டு வாங்குவது போன்றது.

நம் ஊரில் பெரும்பாலோருக்குக் கணினியே இல்லை, போன்தான். அங்கே நிலைமை இன்னும் தெளிவாக இருக்கிறது. ஏவி-கம்பேரட்டிவ்ஸ் 2019இல் ஆண்ட்ராய்டுக்கான 250 ஆன்டிவைரஸ் செயலிகளைச் சோதித்தது. சாதாரணமாக உலவும் தீங்குச் செயலிகளில் 30 சதவீதத்தையாவது பிடித்தவை 80 மட்டுமே. மற்றவை ஏறத்தாழ வைரஸ் ஷீல்டின் உறவினர்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதச் சலான் என்றும் வரும், செயலியை நிறுவும் ஏபிகே கோப்புகள்தான் இங்கே உண்மையான ஆபத்து. அவற்றைத் திறக்காமல் இருப்பதும், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவாமல் இருப்பதும், பிளே ஸ்டோரிலேயே உள்ள பிளே புரொடெக்ட் என்ற பாதுகாப்பு வசதியை அணைக்காமல் வைத்திருப்பதும் எந்த விலையுள்ள செயலியையும்விட அதிகம் காக்கும்.

பெற்றோரின் கணினியையும் போனையும் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சந்தா புதுப்பிக்கும் அறிவிப்பு வரும்போது, கட்டலாமா வேண்டாமா என்று போனில் ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிடாதீர்கள். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, அப்டேட் எல்லாம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பின் தெரியாதவர் போனில் சொல்லி எந்த மென்பொருளையும் நிறுவக் கூடாது என்று பேசிவிடுங்கள். அட்டையில் எந்தெந்தச் சந்தாவுக்குத் தானாகப் பணம் போகிறது என்று சேர்ந்து பாருங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அவர்கள் போனில் சேமித்துக் கொடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே அந்த எண்ணை அழைத்தால், எடுத்தவர் கைக்குப் போகும் முன்பே பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.